எஸ்.ஜே.சூர்யா நடிக்கிறாரா, கத்துறாரா? சமீபத்துல பார்த்த படங்களை வச்சுப் பேசுவோம்

மூணாம்வரிசை

பேரைச் சொன்னாலே வீட்டுக்குள்ளயே ரெண்டு கட்சி உருவாகுற நடிகர்னா, இப்போதைக்கு அது எஸ்.ஜே.சூர்யாதான். ‘வீர தீர சூரன்’ படத்தை ஓடிடில மறுபடி பார்த்தோம். என் தங்கச்சி பாதியிலயே “இவர் எல்லாப் படத்துலயும் இதைத்தானே பண்றார்”ன்னு எழுந்து போயிட்டா. எனக்கு விக்ரமுக்கு அடுத்து மனசுல நின்னது அந்த எஸ்.பி. அருணகிரிதான். ஒரே ராத்திரியில நடக்குற கதை. ஊர்ல திருவிழா. விடியறதுக்குள்ள பெரியவரையும் அவர் மகன் கண்ணனையும் என்கவுன்ட்டர்ல முடிச்சுடணும்னு நிக்கிற போலீஸ் ஆபீசர். உள்ளுக்குள்ள வருஷக்கணக்கா ஊறிக் கிடக்குற வன்மத்தை நிறைய இடத்துல குரலை ஏத்தாமலே காட்டியிருப்பார்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அவர் சத்தம் போடும்போது, அந்தச் சத்தத்துக்கு இயக்குநர் கதைக்குள்ள ஒரு காரணம் வச்சிருந்தா அவர் பக்கத்துல நிக்க இன்னைக்கு ஆள் கிடையாது. காரணம் இல்லாம வெறுமனே கத்த விட்டா என்னாலயும் உட்கார முடியாது. நீங்க கடைசியா எதுல பார்த்தீங்க, எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. திட்டறவங்களும் வாங்க, ஆனா எந்தக் காட்சின்னு சொல்லித் திட்டுங்க.

ஈரோட்டுமஞ்சள்

நான் திட்டற கட்சிதானுங்க. காட்சி சொல்லணும்னா ‘கேம் சேஞ்சர்’ முழுக்கச் சொல்லலாம். 2025 பொங்கலுக்கு வந்துச்சு, ஷங்கர் படம். முதலமைச்சர் மகன் மோபிதேவின்னு ஒரு பாத்திரம், நாற்காலி வேணும்னு துடிக்கிறவன். எழுதினதுல ஒரு ஆழமும் இல்ல, அதை மறைக்க இவர் கண்ணை உருட்டறார், வாக்கியத்தோட கடைசி வார்த்தையை இழுக்கறார், திடீர்னு கத்தறார், திடீர்னு குழையறார். எதுக்கு கோபம், எதுக்கு சிரிப்புன்னு எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அதே வருஷம் வந்த வீர தீர சூரன் பரவாயில்ல, ஒத்துக்கறேன். ஆனா பத்து படத்துல ஒண்ணு நல்லா இருந்தா அதை வச்சு நடிகரை எடை போட முடியாதுங்க.

கீழமாசிவீதி

பத்துல ஒண்ணா? அண்ணே, ‘மாநாடு’ படத்தை எங்கண்ணே விட்டீங்க?

2021 நவம்பர் 25, முதல் நாள், எங்க ஊர் தியேட்டர்ல பாத்தேன். சிம்பு ரசிகய்ங்க பூராம் சிம்புவுக்காக வந்தாய்ங்க. படம் முடிஞ்சு வெளிய வர்றப்ப எல்லாரு வாயிலயும் இவரு நடிச்ச போலீசு தனுஷ்கோடி வசனந்தான். ரிப்பீட்டு, ரிப்பீட்டுன்னு வண்டி ஸ்டாண்டு வரைக்கும் கத்திக்கிட்டே போனாய்ங்க.

மூணாம்வரிசைண்ணே சொல்ற காரணம் அதுல சரியா இருக்குண்ணே. அந்த நாள் திரும்பத் திரும்ப வருதுன்னு ஹீரோவுக்குத் தெரியும், இந்தப் போலீசுக்கும் தெரியும். கூட இருக்க வேற எவனுக்கும் தெரியாது. சொன்னா எவனும் நம்பவும் மாட்டான். ஒவ்வொரு தடவையும் அதே நாளுக்கே திரும்ப வந்து மாட்டிக்கிறவன் எப்படிப் பேசுவான்? பதறித்தான் பேசுவான், எரிஞ்சு விழுந்துதான் பேசுவான். வெங்கட் பிரபு அந்தப் பதட்டத்தைக் கதையிலயே வச்சுட்டாரு. இவரு அதை எடுத்து ஊதுனாரு, அம்புட்டுத்தான். எதிர்ல சிம்பு அடக்கமா, பெருசா அலட்டாம நிக்கிறாரு. ரெண்டு பேரும் கத்தியிருந்தா படம் தலைவலியா ஆயிருக்கும்.

தென்காசிச்சாரல்

வாசுதேவநல்லூர் எங்க பக்கத்து ஊர். அவர் அந்த ஊர்க்காரர்ங்கிறதால எங்க வீட்ல சின்ன வயசுல இருந்தே அவர் பேரு அடிபடும். அதனால பரிஞ்சு பேசறேன்னு நினைச்சுராதீங்க.

இங்க எழுதுற யாரும் ‘மான்ஸ்டர்’ பத்திப் பேசலையே? 2019ல நெல்சன் வெங்கடேசன் எடுத்த படம். மின்வாரியத்துல வேலை பாக்குற, வள்ளலார் வழியில நடக்குற ஒரு மனுஷன். எந்த உயிரையும் கொல்லக் கூடாதுன்னு இருக்கவர். ஆசை ஆசையா வீடு வாங்குறார், அந்த வீட்டுக்குள்ள ஒரு எலி. அவ்வளவுதான் கதை. அஞ்சனம் அழகிய பிள்ளைங்கிற அந்த ஆளு குரலை ஒசத்தவே யோசிப்பாரு. பொண்ணு பாக்கப் போற இடத்துல கூச்சப்படறதும், எலி சோபாவைக் கடிச்சு வச்சதைப் பாத்து உள்ளுக்குள்ளயே நொந்துக்கிறதும், பாத்தவங்களுக்குத் தெரியும். எங்க அம்மா, பெரியம்மா, பிள்ளைங்க எல்லாரும் சேந்து உக்காந்து பாத்த படம் அது.

அப்புறம் ‘வதந்தி’. 2022 டிசம்பர்ல வந்த வெப் சீரிஸ், ஆண்ட்ரூ லூயிஸ் எடுத்தது. எங்களுக்கு ரொம்பத் தூரமில்லாத குமரி மாவட்டத்துல நடக்குற கதை. ஒரு பொண்ணு கொலை வழக்கை விட முடியாம, வீட்டையும் மறந்து அலையிற எஸ்.ஐ. விவேக். செத்துப்போன பொண்ணைப் பத்தி ஊரும் பத்திரிகையும் ஆளுக்கொரு கதை கட்டுது, அதைக் கேட்டுக் கேட்டு அந்த ஆளு முகம் மாறிக்கிட்டே வருது. கத்தறதுன்னா என்னன்னே தெரியாத நடிப்பு அது. இந்த ரெண்டையும் பாக்காம “அவருக்கு ஒரே மாதிரிதான் நடிக்க வரும்”னு சொல்றது நியாயமே இல்ல.

ஈரோட்டுமஞ்சள்

மான்ஸ்டர் பார்த்திருக்கேனுங்க, பிடிச்சிருந்துச்சு. அதனாலதான் கோபமே வருது. அப்படி நடிக்கத் தெரிஞ்ச மனுஷன், பெரிய ஹீரோ படம்னு வந்தா எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு அந்த ஒரே மோடுக்குப் போயிடறார். ‘மார்க் ஆண்டனி’ பாருங்க. முதல் அரை மணி நேரத்துலயே எனக்குக் காது அடைச்சுப்போச்சு.

கீழமாசிவீதி

மார்க் ஆண்டனில சத்தம் இல்லாம எப்படிண்ணே? படமே அப்படித்தானே. விஷால் கத்துறாரு, பின்னணி இசை கத்துது, சட்டை காலரு கூடக் கத்துது. அந்தப் படத்துல இவரு மட்டும் மெதுவாப் பேசுனா வேற படத்துல இருந்து வந்தவரு மாதிரி இருக்கும்.

மூணாம்வரிசை

மார்க் ஆண்டனில ஒண்ணு கவனிங்க. அப்பா ஜாக்கி, மகன் மதன்னு ரெண்டு வேஷம். காலத்தைத் தாண்டிப் பேசுற ஒரு போன் இருக்கு. மகன் பிற்காலத்துல இருந்து, இன்னும் இளசா இருக்குற அப்பாகிட்டப் பேசறான். ரெண்டு பக்கமும் ஒரே நடிகர். ரெண்டு பேருமே சத்தமான ஆட்கள்தான். ஆனா அப்பன் சத்தத்துல ஒரு திமிர் இருக்கு, சுகவாசியோட தெனாவட்டு. மகன் சத்தத்துல எரிச்சல்தான் இருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் எது அப்பா எது மகன்னு தெரியும். ஒரே அளவு சத்தத்துக்குள்ள ரெண்டு மனுஷனைப் பிரிச்சுக் காட்டறது லேசான வேலையில்ல. அந்தப் படம் எனக்கு முழுசாப் பிடிக்காது, பெண்களைக் காட்டுற விதம் சுத்தமாப் பிடிக்கல. அந்த நடிப்பை மட்டும் குறை சொல்ல மனசு வரல.

பழையபாட்டு

தம்பிகளா, இந்தச் சண்டை புதுசில்லை. எங்கள் காலத்தில் சிவாஜியை வைத்து இதே வாக்குவாதம் நடக்கும். டீக்கடையில் ஒரு பக்கம் ‘நடிகர் திலகம்’ என்பார்கள், எதிர்ப்பக்கம் ‘மிகை நடிப்பு’ என்பார்கள். 1952-ல் பராசக்தி நீதிமன்றக் காட்சியில் அவர் பேசியதை இன்றைய அளவுகோலில் வைத்தால் அதுவும் கத்தல்தான். ஆனால் அங்கே நிற்பவன் யார்? தங்கை பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, ஊரையே கூண்டில் ஏற்றுகிறவன். அவன் மெல்லப் பேச முடியுமா? அதே சிவாஜி 1985-ல் முதல் மரியாதையில் பாரதிராஜாவிடம் வந்தபோது பார்வையாலேயே பாதிப் படத்தை நடத்திக் கொண்டுபோனார். தேவர் மகனில் இன்னும் அடக்கம். மனிதர் ஒருவர்தான். கேட்டு வாங்கியவர்கள் வேறு.

ஆனால் எஸ்.ஜே.சூர்யாவைப் பார்க்கும்போது எனக்குச் சிவாஜி நினைவு வருவதில்லை. எம்.ஆர்.ராதாதான் வருகிறார். ரத்தக்கண்ணீர் 1954-ல் படமாக வருவதற்கு முன்பே மேடையில் கொடிகட்டிப் பறந்த நாடகம். அதில் ராதா ஒரே வாக்கியத்துக்குள் மேலே கீச்சென்று போவார், சட்டென்று கரகரவென்று கீழே இறங்குவார். எதிரில் இருப்பவனைக் கேலி செய்கிறாரா, மிரட்டுகிறாரா என்று தெரியாது. ஒலிபெருக்கி எட்டாத கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டிய மேடையில் விளைந்த குரல் அது. அந்த வகைக் குரல் நம் சினிமாவில் ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்தது. இவரிடம் அதைக் கேட்கிறேன். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

தென்காசிச்சாரல்

ஐயா, நீங்க ராதான்னு சொன்னதும்தான் எனக்கு ஒண்ணு தோணுது. வில்லனா வந்தாலும் அவர் பேசறப்ப சிரிப்பு வருது, சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள பயமும் வருது. இந்த ரெண்டையும் ஒண்ணா வரவைக்கிறவங்க இப்ப ரொம்பக் கம்மி.

சுன்னாகம்

எனக்கெண்டால் அவரை ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில பாத்தாப் பிறகுதான் பிடிச்சது. செல்வராகவன்ர படம். எடுத்து முடிச்சுப் பல வருசமாப் பெட்டிக்குள்ள கிடந்து 2021 மார்ச்சிலதான் வெளியில வந்தது. ராம்சே எண்ட அந்தப் பணக்காரன், மனுசி ஊருக்குப் போனாப் பிறகு வீட்டுக்குள்ள போடுற ஆட்டம் இருக்கே, சிரிச்சுக்கொண்டு பாத்தன். கொஞ்ச நேரத்தில அதே ஆள் பிள்ளையைப் பராமரிக்க வந்த மரியத்துக்குச் செய்யிறதைப் பாக்க, முதல் சிரிச்சது நெஞ்சுக்குள்ள கிடந்து குத்திச்சுது. சாரல் அக்கா சொல்லுறது அதுதான் எண்டு நினைக்கிறன்.

ஆனால் ஒரு கேள்வி. ஏன் இவரை மட்டும் பிடிச்சு வைச்சுக் கதைக்கிறியள்? விஜய் சேதுபதியையும்தான் “எல்லாப் படத்திலயும் ஒரே கதை பேச்சு” எண்டு இங்க எங்கட பெடியள் சொல்லுறவை.

ஈரோட்டுமஞ்சள்

அதையும் சொல்லுவோமுங்க. ‘96’ல அந்த மெதுவான பேச்சு பொருந்துச்சு, கூச்ச சுபாவம் உள்ள ஆள். ‘மகாராஜா’வுல அதே மெதுவான பேச்சு வேற வேலை செஞ்சுது. ஸ்டேஷன்ல போய் குப்பைத்தொட்டி காணாமப் போச்சுன்னு அவர் நின்னு சொல்லச் சொல்ல, அந்த ஆளுக்குள்ள என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே வந்துச்சு. அதுக்கப்புறம் 2025ல ‘தலைவன் தலைவி’ பார்த்தேன். பாண்டிராஜ் படம். புருஷன் பொண்டாட்டி, மாமியார், மச்சான், எல்லாரும் கத்தறாங்க. நித்யா மேனனும் கத்தறாங்க. குடும்பச் சண்டை அப்படித்தான் இருக்கும்னு வாதாடலாம், எனக்குக் கடைசியில அலுப்புதான் மிஞ்சுச்சுங்க. ஒரு இடத்துல அமைதி வந்திருந்தா அந்தச் சண்டையோட வலி தெரிஞ்சிருக்கும்.

மிக்ஸிங்ரூம்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வாசிச்சுட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. ஒலிப்பதிவுத் துறையில இருக்கேன்.

நீங்க எல்லாரும் பேசற சத்தத்துல ஒரு பங்கு நடிகருடையது இல்ல. தியேட்டர்ல வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னாடி நடுவுல இருக்குற ஸ்பீக்கர்ல வரும். இசையும் மத்த ஒலிகளும் இடம், வலம், பக்கவாட்டு, பின்புறம்னு பரவும். அதனால ஒருத்தர் உரக்கப் பேசினாலும் அந்தக் குரலுக்குன்னு தனியா ஒரு இடம் இருக்கும், காது அதைப் பிரிச்சு வாங்கிக்கும். அதே படத்தை டிவில, போன்ல பார்க்கும்போது எல்லாம் ரெண்டே ஸ்பீக்கருக்குள்ள வந்து அடைஞ்சுக்குது. குரலும் பின்னணி இசையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும். எஸ்.ஜே.சூர்யா மாதிரி வேகமா, ஏத்த இறக்கத்தோட பேசறவருக்கு இது பெரிய அடி. மெதுவான இடம் கேட்கலைன்னு சத்தத்தைக் கூட்டுவீங்க, அடுத்த நொடி அவர் கத்துவார், பக்கத்து ரூம்ல தூங்கற குழந்தை எழுந்துடும். திட்டு அவருக்குத்தான் விழும்.

மூணாம்வரிசை சார், உங்க தங்கச்சி அந்தப் படத்தைத் தியேட்டர்ல பார்த்தாங்களா?

மூணாம்வரிசை

இல்ல, வீட்ல டிவிலதான் முதல் தடவை. நான் தியேட்டர்ல பார்த்தேன். நீங்க சொல்றது சரியா வருது, மாநாடு தியேட்டர்ல பார்த்தவங்க யாரும் காது வலிக்குதுன்னு சொல்லி நான் கேட்டதில்ல.

ஈரோட்டுமஞ்சள்

கேம் சேஞ்சர் நான் தியேட்டர்லதானுங்க பார்த்தேன். ஸ்பீக்கர் மேல பழி போட முடியாது.

மிக்ஸிங்ரூம்

அதையும் மறுக்கலைங்க. ஒலி சரியா இருந்தா எழுத்துல இருக்குற ஓட்டை இன்னும் தெளிவாக் கேட்கும்.

கீழமாசிவீதி

‘சூர்யாவின் சனிக்கிழமை’ யாரு பாத்தீங்க? நானி படம், 2024 ஆகஸ்ட்டு. தமிழ்ல டப்பிங் வந்துச்சு. ஹீரோவுக்குச் சனிக்கிழமை மட்டுந்தான் கோவம் வரும், மத்த நாளு பூராம் அடக்கி வச்சுக்கிருவான். அம்மாவுக்குக் குடுத்த வாக்கு. இவரு இன்ஸ்பெக்டரு தயானந்து. வீட்ல அண்ணன் மேல கோவம், அதை ஒரு ஏழைப்பட்ட ஏரியாவுல போயி அப்பாவிக மேல தீத்துக்கிருவாரு. ஸ்டேஷனுக்குள்ள தூக்கிட்டு வந்து அடிக்கிற அடி, பாக்கவே பதறும்ணே. கோவத்தைச் சேத்து வைக்கிறவனுக்கும் கண்ட எடத்துல கொட்டுறவனுக்கும் நடக்குற சண்டைதான் படமே. இங்க இவரு கத்தலைன்னா கதையே கிடையாது. எனக்குத் தெரிஞ்சு தெலுங்குப் படத்துல அவருக்குச் சரியா அமைஞ்ச வேசம் இதுதான்.

பழையபாட்டு

தெலுங்கு என்றால் ‘ஸ்பைடர்’ உண்டே தம்பி. 2017, முருகதாஸ் இரு மொழியிலும் எடுத்தார். படம் எனக்குச் சுமார்தான். ஆனால் அந்தச் சுடலை! சுடுகாட்டில் பிறந்து வளர்ந்தவன், மற்றவர்கள் ஒப்பாரியைக் கேட்டால்தான் அவனுக்குச் சந்தோஷம். அழுகைச் சத்தத்தை ரசித்துக்கொண்டு அவன் சிரிக்கும் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அங்கே சத்தம் போடுவது ஊர். இவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதே ஆண்டு மெர்சலில் டாக்டர் டேனியல் ஆரோக்கியராஜ், பணத்தை எண்ணுகிற குளிர்ந்த மனம். அதிலும் ஆர்ப்பாட்டம் குறைவு. ஒரே ஆண்டில் இந்த இரண்டையும் செய்தவரைத்தான் ‘ஒரே மோடு’ என்கிறீர்கள்.

சுன்னாகம்

‘ஜிகர்தண்டா டபுள்எக்ஸ்’ஐ மறந்து போனியளோ? அதில ராகவா லாரன்சும் இருக்கிறார். அவரையும் பேய்ப்படக்காரன் எண்டு ஒதுக்கிற ஆக்கள் கனபேர். ரெண்டு பேரையும் ஒரே படத்தில போட்டு, ரெண்டு பேரையும் அடக்கி வைச்சவர் கார்த்திக் சுப்பராஜ்.

மூணாம்வரிசை

அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், நீங்க முந்திட்டீங்க.

கார்த்திக் சுப்பராஜுக்கு இவரை எப்படிப் பயன்படுத்தணும்னு தெரியும். 2016ல ‘இறைவி’. எடுத்த படம் வெளிய வராம, அந்த வலியைக் குடியில கரைக்கிற இயக்குநர் அருள். வாலி, குஷின்னு அடுத்தடுத்து ரெண்டு பெரிய வெற்றி கொடுத்து, ‘நியூ’வுல இருந்து தானே ஹீரோவாகி, அப்புறம் வருஷக்கணக்கா ஓரமா நின்ன ஒரு மனுஷன்கிட்ட அந்த வேஷத்தைக் கொடுக்கறது எவ்வளவு பெரிய விஷயம்! கடைசியில ரயில்வே ஸ்டேஷன்ல நின்னு மனைவிகிட்டப் போன்ல பேசற இடம். அழுகை, குற்ற உணர்ச்சி, தான் என்னவா இருந்தோம்ங்கிற தெளிவு, மூணும் ஒரே பேச்சுல வந்து போகும். உரக்கப் பேசற நடிகர்னு பேர் வாங்கினவருக்கு அந்தக் காட்சியில குரல் உடையுது. நான் பார்த்த அவரோட நடிப்புல இதுக்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

2023 தீபாவளிக்கு வந்த ஜிகர்தண்டாவுல கிருபை ரத்தத்தைப் பார்த்தாலே நடுங்குற ஆள். சத்யஜித் ரேகிட்ட வேலை பார்த்தேன்னு பொய் சொல்லி, ரே தாசன்னு பேர் வச்சுக்கிட்டு, லாரன்ஸ் நடிச்ச தாதா சீசரைக் கொல்ல வர்றான். கையில கேமரா. பயந்தவனோட குரல் அது, எங்கயும் ஏறாது. சீசர்தான் ஆர்ப்பாட்டமான ஆள், இவன் ஓரமா நின்னு பார்க்கிறவன். கடைசியில காட்டுக்குள்ள நடக்குற அநியாயத்தை அந்தக் கேமராவால பதிவு பண்ணும்போது, நடுங்கிக்கிட்டே ஆனா கையை எடுக்காம நிக்கிற அந்த முகம்! மாநாட்டுல கொண்டாடினவங்க இதுல ஏன் அவரை அவ்வளவாப் பேசலைன்னு எனக்கு இன்னைக்கும் வருத்தம் உண்டு. கத்தினாத்தான் நடிப்புன்னு ரசிகர்களும் சேர்ந்து அவரை அந்தப் பக்கம் தள்ளிட்டோமோன்னு தோணுது.

ஈரோட்டுமஞ்சள்

இதை நான் ஏத்துக்கறேனுங்க. மீம் போட்டுப் போட்டு அந்த ஒரு முகத்தையே திரும்பத் திரும்பக் கேட்டா, தயாரிப்பாளரும் அதைத்தான் கேட்பாங்க. கேம் சேஞ்சர்ல வந்தது மாநாட்டோட நகல், காரணம் மட்டும் இல்லாத நகல்.

ஆனா என் பயம் இப்ப வேற. ‘கில்லர்’னு அவரே இயக்கி, அவரே நடிக்கிற படத்தை 2025ல அறிவிச்சாங்க. ரஹ்மான் இசை. தன்னைத்தானே இயக்கும்போது “போதும், இந்த டேக் குறைச்சுப் பண்ணுங்க”ன்னு சொல்ல யாரு இருப்பாங்க? 2015ல ‘இசை’ எடுத்தார், இயக்கம், நடிப்பு, பாட்டுக்கு இசை எல்லாமே அவர்தான். ஒரு இசையமைப்பாளர் இன்னொருத்தர் மேல படற பொறாமைன்னு அருமையான கரு. நீளமும் மிகையும் சேர்ந்து என்னைக் கொன்னுடுச்சுங்க.

கீழமாசிவீதி

இசைல சத்யராஜ் நடிப்பை எப்படிண்ணே மறந்தீங்க? அவரைச் செதுக்குனதும் இவருதானே. வாலில அஜித்தை, வாய் பேச முடியாத அண்ணனா, ஒரு வசனம் இல்லாம அம்புட்டு நேரம் நடிக்க வச்சவரும் இதே ஆளுதான். மத்தவய்ங்ககிட்ட அமைதியை வாங்கத் தெரிஞ்சவரு. தன்கிட்டயும் வாங்குவாருன்னு நம்புறேன்.

பழையபாட்டு

வாலியைச் சொன்னது நல்ல இடம். 1999-ல் அந்தப் படத்தைப் பார்த்தபோது, இதை எடுத்த பையனுக்கு முகபாவம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது என்று நண்பர்களிடம் சொன்னேன். பின்னால் அவரே நடிகராக வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எதிரே ஒரு அடக்கமான நடிகரை நிறுத்திக்கொண்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மாநாட்டில் சிம்பு இருந்த மாதிரி.

மிக்ஸிங்ரூம்

படத்தொகுப்பாளர் கையில இன்னொரு பாதி இருக்குங்க ஐயா. மாநாட்டுல கே.எல்.பிரவீன் ஒவ்வொரு சுத்துக்கும் அவர் பேச்சை எங்க வெட்டறார்னு கவனிச்சுப் பாருங்க. அலுக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி காட்சி மாறியிருக்கும்.

ஈரோட்டுமஞ்சள்

சரிங்க, கில்லர் வரட்டும், பார்த்துட்டு வந்து சண்டை போடறேன். சாரல் அக்கா, வதந்தி நான் இன்னும் பார்க்கலைங்க. வெப் சீரிஸ்னா பாதியில விட்டுடற பழக்கம் எனக்கு. தமிழ்ல பார்க்கணுமா, எத்தனை எபிசோடு?

தென்காசிச்சாரல்

தமிழ்ல எடுத்ததுதான், எட்டு எபிசோடு. அமேசான் பிரைம்ல இருக்கு. ஆரம்பம் கொஞ்சம் மெதுவாப் போகும், விட்டுராதீங்க. முடிஞ்சா ஹெட்போன் போட்டுப் பாருங்க, அந்த ஆளு பாதி வசனத்தை வாய்க்குள்ளயேதான் பேசுவாரு.